மேட்டு வயல் வழியே பால்வண்டி

நவம்பர் 26

வண்டி வந்துவிட்டது! யாரோ எங்கோ ஓட்டித் தேய்த்த பழைய டிராக்டர்; முன்னால் பனி தள்ளுவதற்கு இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புப் பலகை. கரும்புகை விட்டுக்கொண்டு, யார் கத்தினாலும் காதில் வாங்காமல் ஆடி ஆடி ஊருக்குள் வந்தது. மகள் பார்த்ததுமே 'எருமை' என்று பேர் வைத்துவிட்டாள். மாலைக்குள் ஊருக்கே அது எருமைதான்.

அதை ஓட்டப்போவது நான்!

பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு, "யாருப்பா ஓட்டறது?" என்று ஊர்த் தலைவர் கேட்டார். எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். எனக்குப் பிடரியில் அரிப்பு, கையைத் தூக்கினேன். கைதட்டி முடித்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் அரிப்பு கொஞ்சம், ஆசை நிறைய.

"யானை ஓட்டறவன் பாகன். எருமை ஓட்டறவனுக்கு என்ன பேரு?" என்று வீட்டில் பெருமையாகக் கேட்டேன்.

"எமன்," என்றாள் மகள்.

விளையாட்டில்லை, விஷயம் பெரியது. போன குளிரில் பனி மூடிப் பால்வண்டி எத்தனையோ நாள் வரவில்லை. கறந்த பாலைக் கொட்டினோம். இந்த வருஷம் பால் கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது: தொடர்ந்து மூன்று நாள் வழி அடைபட்டால் இந்த ஊருக்கு இனி வண்டி கிடையாது. இங்கே எல்லார் அடுப்பும் பாலை நம்பித்தான் எரிகிறது. அதற்காகத்தான் ஊரே சேர்ந்து எருமையை வாங்கியது. அதைப் போய் என் கையில் கொடுத்திருக்கிறார்கள்!

மச்சான் (மனைவியின் அண்ணன், ஊரிலேயே அதிக மாடு அவருக்குத்தான்) வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "மாப்ள, நீங்க சைக்கிள நேரா ஓட்டியே நான் பார்த்ததில்லையே," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

டிசம்பர் 1

மண் இறுகுவதற்குள், ஊரிலிருந்து பள்ளத்தில் இறங்கிப் பெரிய சாலைக்கு ஏறும் நம் சாலையின் இருபுறமும் கம்பு நட்டு முடித்தேன். பனி மூடியபின் சாலை எது, சாக்கடை எது என்று தெரியாதல்லவா? பழைய சிவப்புத் திரைச்சீலையை மனைவி கிழித்துக் கொடுத்தாள். கம்புக்கு ஒரு துண்டு.

இனி பனி விழவேண்டியதுதான் பாக்கி.

டிசம்பர் 5

விழவில்லை. காலையில் எழுந்ததும் ஜன்னலுக்கு ஓடுகிறேன். "பத்தாங்கிளாஸ் ரிசல்ட்டுக்குக்கூட நீங்க இப்படி ஓடியிருக்க மாட்டீங்க," என்கிறாள் மனைவி. அந்த ரிசல்ட் என்ன ஆகும் என்று எனக்கு முன்பே தெரியும். பிறகு ஏன் ஓடவேண்டும்?

டிசம்பர் 9

பனி! முழங்கால் அளவு!

இருட்டோடு போய் எருமையைக் கிளப்பினேன். பலகை பனியைப் புரட்டிக்கொண்டு போவதைப் பார்க்கவேண்டுமே — கத்தி வைத்தால் வெண்ணெய் சுருள்வது போல. ஊர் முழுக்கத் தெருவைச் சுரண்டி, பள்ளத்துச் சாலையில் இறங்கி ஏறி, பெரிய சாலை வரை போய்த் திரும்பினேன். பால்வண்டியும் வந்தது! அதன் டிரைவருக்கு எப்போதும் வாயில் விசில்தான். என்னைப் பார்த்ததும் இன்னும் உரக்க அடித்தார். மாலையை எதிர்பார்த்துக்கொண்டு ஊருக்குள் நுழைந்தேன்.

கிடைத்தது மாலை இல்லை, வசவு. தெருவை வழித்த பனியெல்லாம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சுவராக நிற்கிறது. ஒருத்தருக்கும் வெளியே வர வழியில்லை. என் வீட்டுச் சுவருக்குப் பின்னால் மனைவியின் தலை மட்டும் தெரிந்தது, கையில் மண்வெட்டியோடு.

"உள்ள வர வழி இருந்தா வாங்க," என்றாள்.

"அப்பா, ஊருக்கே கோட்டை கட்டிட்டீங்க," என்றாள் மகள்.

வீடு வீடாகப் போய் அள்ளிக் கொடுத்தேன். முதுகு விட்டுப்போயிற்று. மச்சான் வீட்டு வாசலில் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம், மாப்ள," என்று மேற்பார்வை பார்த்தார்.

டிசம்பர் 10

வாசல் வந்தால் பலகையை எதிர்ப்பக்கம் சாய்க்கவேண்டும். இவ்வளவுதான் ரகசியம்! நேற்றே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

டிசம்பர் 21

நல்ல குளிர். குழாய் உறைந்துவிட்டது, பனியை அடுப்பில் உருக்கித்தான் பாத்திரம் கழுவுகிறோம். கொடியில் போட்ட என் சட்டை கையை விரித்தபடி விறைத்துப்போய், 'ஐயோ போச்சே' என்று நிற்கிறது. வீட்டைவிட மாட்டுக்கொட்டகை கதகதப்பு; மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுகிறாள். மாடுகளுக்கு இப்போது சரித்திரம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

எருமையின் எஞ்சினுக்கு நான் கம்பளி போர்த்துவதை மனைவி பார்த்துவிட்டாள். "எனக்கு ஒரு நாளாவது இப்படிப் போர்த்திவிட்டிருப்பீங்களா?" என்றாள். எந்தப் பதில் சொன்னாலும் மாட்டிக்கொள்வேன் என்பதால் எஞ்சினைப் பார்த்து இருமினேன்.

இதுவரை ஒரு நாள்கூடப் பால்வண்டி தவறவில்லை! ஆனால் இதை எழுதியிருக்கக் கூடாதோ?

ஜனவரி 8

எழுதியிருக்கக் கூடாது. ராத்திரியிலிருந்து பனிப்புயல். பள்ளத்துச் சாலையைத் தள்ளித் திறந்துகொண்டு போகிறேன், திரும்பிப் பார்த்தால் நான் வந்த தடமே இல்லை. காற்று வாரிக் கொட்டி மூடிவிடுகிறது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்த கதை. என் கம்புகளும் முழுகிவிட்டன. இன்று வண்டி வரவில்லை.

ஒரு நாள்தானே.

ஜனவரி 9

இன்றும் இல்லை. மூன்று தரம் தள்ளினேன், மூன்று தரமும் மூடிக்கொண்டது. ஊரில் பால் இல்லாத பாத்திரம் இல்லை. எங்கள் வீட்டில் குடம், வாளி, மகளின் குளியல் தொட்டி எல்லாம் நிறைந்துவிட்டது. கன்றுக்குட்டிகளே 'போதும்' என்று முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன.

தலைவருக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. நாளையும் வழி இல்லையென்றால் வேறு ஊரைப் பார்த்துக்கொள்வார்களாம். தலைவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மச்சான்தான் கேட்டார்: "ஏன் மாப்ள, எருமைய கறந்தாவது பார்த்தீங்களா?" ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவரே சிரிக்கவில்லை. அத்தனை மாடு வைத்திருக்கிறவர், அவருக்குத்தான் நஷ்டம் அதிகம்.

நாளைக்கு விடக்கூடாது. எப்படியாவது. எப்படி?

ஜனவரி 10

 நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

விடிவதற்கு முன்பே கிளம்பினேன். கண்ணுக்கு முன்னால் வெள்ளைச் சுவர். விளக்கு போட்டால் வெளிச்சம் மூக்கிலேயே திரும்பி அடிக்கிறது. ஊர் எல்லையில் தடுமாறி நின்றேன். அப்போது ஒரு சிவப்புத் துணி தெரிந்தது! அடுத்து இன்னொன்று! என் கம்புகள்! முழுகவில்லை! பிடித்துக்கொண்டேன்.

அப்படி ஓர் ஓட்டம் நான் ஓட்டியதே இல்லை. எருமை குதிரையாகிவிட்டது. பனி கணுக்கால் அளவுதான், பலகை வழுக்கிக்கொண்டு போகிறது. பள்ளம் இன்னும் இறங்கவில்லையே என்று ஒரு சந்தேகம் வந்தது. பனி நிரம்பிச் சமமாகிவிட்டது போல என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன். சத்தம் போட்டுப் பாடக்கூடச் செய்தேன். நடுவில் ஏதோ மடக் மடக்கென்று முறிந்தது. பனிக்கட்டி என்று நினைத்தேன்.

பெரிய சாலையில் போய் ஏறினேன். காத்துக்கொண்டிருந்த பால்வண்டி டிரைவர் விசிலை நிறுத்திவிட்டு, "என்னண்ணே, புது வழியா?" என்றார். புது வழியா? திரும்பிப் பார்த்தேன். பொழுது விடிந்துகொண்டிருந்தது.

பள்ளத்துச் சாலைக்குப் பக்கத்தில் மேடாகக் கிடக்கும் மச்சானின் வயல். நட்ட நடுவில் நான் போட்ட சாலை! பனிக்கு முன்னால் விதைத்து விரல் நீளம் முளைத்திருந்த கோதுமையை ஒரு வண்டி அகலத்துக்கு வழித்து எடுத்திருக்கிறேன். முறிந்தது பனிக்கட்டி இல்லை, வேலி போடுவதற்கு அவர் அடையாளமாக அடித்து வைத்திருந்த முளைக்குச்சிகள். அவற்றில் சிவப்புத் துணி எப்படி வந்தது? என் மனைவி திரைச்சீலையில் பாதியை அண்ணனுக்கும் கிழித்துக் கொடுத்திருக்கிறாள்!

டிரைவருக்கு இதெல்லாம் எதற்கு? வழி இருக்கிறது, வண்டியை விட்டுவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பாதி வயல் தாண்டிவிட்டது. ஊரே எல்லைக்கு ஓடிவந்து கூச்சல் போட்டது, ஒவ்வொரு வாளியும் ஏறியது. மச்சானின் பால் முதலில் ஏறியது.

மச்சான் மட்டும் வயலில் நின்று குனிந்து, பிய்ந்த நாற்று ஒன்றை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், தெரியாம நடந்து போச்சு—"

"கண்ணு தெரியலயா உனக்கு? என் பயிர் மேலயே ஏத்திட்டியேய்யா!"

கல்யாணம் ஆன நாளிலிருந்து என்ன கிண்டல் செய்தாலும் 'நீங்க'தான். இன்றைக்குத்தான் 'நீ'.

அப்போது பார்த்தா என் வாய் சும்மா இருக்கும்? "மச்சான், இங்க பாருங்க, காத்து மேட்டுல பனியத் தங்கவே விடல. வாரி வாரிப் பள்ளத்துலதான் கொட்டுது. இந்தக் குளிர் முடியற வரைக்கும் இப்படியே விட்டீங்கன்னா..." முடிக்கவில்லை. நாற்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மனைவி இரு பக்கமும் பேசமுடியாமல் பாத்திரங்களை மட்டும் பேசவிடுகிறாள். வண்டி இன்று வந்துவிட்டது. நாளைக்கு? காற்று நிற்கவில்லை. பள்ளம் மூடித்தான் கிடக்கிறது. வயலில் இனி கால் வைக்க எனக்கு முகம் ஏது?

ஜனவரி 11

பள்ளத்தோடு முட்டிக்கொள்வது என்று முடிவு செய்துதான் எருமையைக் கிளப்பினேன். ஊர் எல்லையில் மேட்டுப் பக்கம் ஒரு கைவிளக்கு ஆடியது. மச்சான்! முளைகளையெல்லாம் பிடுங்கி, நேற்று வண்டி போன தடத்தின் இருபுறமும் வரிசையாக மறுபடி அடித்துக்கொண்டிருந்தார். மீசை முழுக்கப் பனி.

இறங்கி ஓடினேன். அவர் நிமிரவில்லை.

"பாம்பு போன மாதிரி வளைச்சு வளைச்சு ஓட்டியிருக்கீங்க. வண்டி போற வழின்னா நேரா இருக்கவேணாமா?" சுத்தியலால் ஓர் அடி. "இந்தக் கோட்டைத் தாண்டி ஒரு நாத்து மேல ஏத்தினீங்க..."

'நீங்க' வந்துவிட்டது! எனக்குக் கண் கலங்கிவிட்டது. காற்று, வேறென்ன.

நேராக ஓட்டினேன். என் கணக்கில் நேராக.

பிப்ரவரி 3

இன்றும் பால்வண்டி வந்தது. எழுத வேறொன்றும் இல்லை. ஆகா!

மார்ச் 19

பனி உருகுகிறது. கூரையெல்லாம் சொட்டுகிறது, காலணிக்குள் குளம். பள்ளத்துச் சாலை திறந்துவிட்டது. மேட்டு வயல் பச்சைப் பசேலென்று எழுந்திருக்கிறது, நடுவில் வகிடு எடுத்தது போல நான் போட்ட சேற்றுக்கோடு. மச்சான் அந்தக் கோட்டின் ஓரத்தில் வெகுநேரம் நின்றார். நான் சுற்றிக்கொண்டு வேறு வழியில் வந்தேன்.

மே 14

கம்பெனிக்காரர் நேரில் வந்து தலைவரிடம் சொல்லிவிட்டுப் போனார்: மேட்டு வழி இருந்தால் அடுத்த குளிருக்கும் வண்டி உண்டு, பள்ளத்தை நம்பி இனி வரமாட்டார்கள்.

மச்சானிடம் யார் கேட்பது? பூனைக்கு மணி கட்டும் வேலை. கூட்டத்தில் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். இந்தத் தடவை எனக்கு எங்கே அரித்தாலும் கையைத் தூக்கவில்லை. ஒருவனுடைய விளைநிலத்தை இனாமாகக் கேட்க ஒரு முகம் வேண்டும். அழித்தவனே போய்க் கேட்பதற்கு இரண்டு முகம் வேண்டும்.

செப்டம்பர் 22

மேட்டு வயலில் வேலிக்கம்பங்கள் வந்து இறங்கியிருக்கின்றன. மனைவிக்கும் தெரிந்திருக்கிறது. "அண்ணன் வேலி போடறாராம்," என்றாள், அவ்வளவுதான். போட்டுக்கொள்ளட்டும், அவர் வயல். ஆனால் அப்புறம் பால்வண்டி எந்த வழியில் வரும்?

அக்டோபர் 6

காலையில் மகள் மூச்சு வாங்க ஓடிவந்து, "அப்பா, மாமா வயலுக்கு வாங்க, உடனே!" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

வேலி போட்டாகிவிட்டது, நான்கு பக்கமும். ஆனால் ஊர்ப் பக்கம் ஓர் இடைவெளி, பெரிய சாலைப் பக்கம் ஓர் இடைவெளி. மச்சான் விதைத்துக்கொண்டிருந்தார். ஓர் இடைவெளியிலிருந்து மற்றதுவரை, நூல் பிடித்தது போல, உழாமல் விதைக்காமல் ஒரு தடம் கிடந்தது.

 எனக்குச் சும்மா நிற்கத் தெரியவில்லை. காலால் அளந்து பார்த்தேன். எருமையின் பலகையைவிட நிறையவே அகலம்.

"மச்சான், இவ்வளவு எதுக்கு? பலகை இதுல பாதிதானே? நிலம் வீணாகுதே."

விதைக்கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

"நீங்க ஓட்டற லட்சணம் எனக்குத் தெரியாதா, மாப்ள?" என்றார்.