தேய்மானம் என்று சொன்னவன்

அன்புள்ள மூத்தவளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் குத்துக்கல் மாதிரி நன்றாகத்தான் இருக்கிறேன், உன் அம்மாவின் உடம்பைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ குறுக்கே பேசுவாய், நானும் கத்திவிட்டு வைத்துவிடுவேன்.

போன வாரம் அம்மாவைக் கைவிரல் வீக்கத்துக்காக மூட்டு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அதற்கு முன்னால் வீட்டில் நடந்த கூத்தைக் கேள். உன் மாமா ஒரு எண்ணெயைக் கொண்டுவந்து, தேய்த்தால் எலும்பு வரைக்கும் இறங்கும் என்றார், தன் தலைமுடி கொட்டுவதை நிறுத்தத் தெரியாத மனுஷன். மாடிவீட்டு ரிட்டயர்டு ஆபீசர் உருளைக்கிழங்கை நிறுத்தச் சொன்னார், அதுவும் படியில் நின்றபடியே, கையை எட்டிக்கூடப் பார்க்காமல். கை வலி என்று ஒருத்தி வாய் திறந்தால் போதும், ஒன்றும் தெரியாதவனெல்லாம் வைத்தியன் ஆகிவிடுகிறான்.

டாக்டர் உன் வயசுப் பெண். உட்கார்ந்ததுமே நான், நாற்பது வருஷமாக மோட்டார் பட்டறை வைத்திருக்கிறேன், இது வெறும் தேய்மானம், பேரிங் இறுகினால் கிரீஸ் வைத்து ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று பாடம் நடத்தினேன். அவள் என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. அம்மாவின் இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்து ஒவ்வொரு கணுவாக அமுக்கிப் பார்த்தாள். "காலையில விரல் மடங்க எவ்வளவு நேரம் ஆகுதும்மா" என்று கேட்டாள். ஒன்றரை மணி நேரம் என்றாள் அம்மா. ஒரே வீட்டில் இருக்கிறேன், அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். அப்புறம் அந்தப் பெண், "ஐயா, இது தேய்மானமே இல்ல" என்று ஒரு படம் வரைந்து காட்டினாள். மூட்டுக்குள்ளே மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறதாம், மூட்டு வழுக்கிக்கொண்டு அசைய ஒரு நீரைச் சுரப்பது அதில் இருக்கிற செல்களின் வேலையாம். இந்த வியாதியில் அந்தச் செல்களே புத்திகெட்டுப் பெருகி, சவ்வு தடித்து, ரத்தத்திலிருந்து வேறு கூட்டத்தையும் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டு, குருத்தெலும்பை அரித்து எலும்பு வரைக்கும் போய்விடுகின்றனவாம். வேலியே பயிரை மேய்கிற கதை. கிரீஸ் வைக்க வந்தவனே பேரிங்கைத் தின்கிற பட்டறையை என் ஆயுசில் பார்த்ததில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சனியன்களைக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை, அது அரிப்பை அடக்கப் பார்க்கும், அரித்தது அரித்ததுதான் என்றாள். முன்னமே வந்திருந்தால் இந்த இரண்டு விரலும் கோணாமல் காப்பாற்றியிருக்கலாமாம்.

முன்னமே என்றால் என்ன என்று உனக்கும் எனக்கும் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ அங்கிருந்தே டாக்டரிடம் நாள் வாங்கிக் கொடுத்தாய். அம்மாதான் வரமாட்டேன் என்கிறாள் என்று உன்னிடம் சொன்னேன். பொய். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான்தான் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து வேண்டாம் என்றேன். அதோடு விட்டேனா, பட்டறையிலிருந்து ஒரு ஸ்பிரிங்கைக் கொண்டுவந்து, ஓடாத மிஷின் துருப்பிடிக்கும் என்று வியாக்கியானம் சொல்லி, அந்த வீங்கின கையால் தினமும் ஐம்பது தடவை அமுக்கச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வர வர அமுக்கினாள், நான் எதிரில் உட்கார்ந்து எண்ணினேன். மாமாவாவது எண்ணெயோடு நிறுத்திக்கொண்டார். படித்த மகள் சொன்னதைக் கேட்டால் தன் மதிப்பு குறைந்துவிடும் என்று நினைத்த என்னைப் போல ஒரு மடையன் உண்டா.

டாக்டரிடமிருந்து வந்ததுமே அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவாள் என்று பார்த்தால், "தெரியும்" என்றாள். நான் வேண்டாம் என்று சொன்ன மறுநாள், நிஜமாகவே வேண்டாமா என்று கேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததாம், இவள்தான் எடுத்தாளாம், இவளும் வரவில்லை என்று சொல்லிவிட்டாளாம். ஏனடி என்றேன். "எத்தனை மிஷினச் சரி பண்றீங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றாள்.

குழந்தைக்கு எங்கள் முத்தம், உங்கள் மூன்று பேருக்கும் எங்கள் ஆசீர்வாதம், குறையில்லாமல் வாழுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே. இது சில வீடுகளில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் வரலாமாம். என்றைக்காவது காலையில் எழுந்ததும் உன் விரல் மடங்க நேரமானால் அன்றைக்கே டாக்டரிடம் போ. என்னை மட்டும் கேட்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா