பாட்டுப் பெட்டிக்குத் திரை எதற்கு

பிப்ரவரி 10, செவ்வாய்

காலையில் நல்ல பனி. பைக் சீட் துடைக்கத் துணி தேடியதில் சிதம்பரம் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே. ஸ்டெல்லாவும் கூட வந்தாள். வேண்டாம் என்றேன், மனைவி வராமல் வேறு யார் வருவார்கள் என்றாள்.

காது டெஸ்ட். கண்ணாடி அறை, தலையில் ஹெட்போன், கையில் பட்டன். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வெளியே உட்கார்ந்திருந்த பெண்ணின் விரல் மட்டும் அசைந்தது. பிட் அடிக்கிற பையன் மாதிரி அந்த விரலைப் பார்த்தே அழுத்த ஆரம்பித்தேன். கண்டுபிடித்துவிட்டாள். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள். ஐம்பத்தாறு வயசில் இந்த அவமானம்.

டாக்டரம்மா சின்ன வயசு. "கனமான சத்தம்லாம் கேக்குது சார். கீச்சுன்னு வர்ற மெல்லிசு சத்தம்தான் போய்க்கிட்டிருக்கு. நரம்பு. திரும்ப வராது. இன்னும் எறங்கும், எப்பன்னு சொல்ல முடியாது." மெஷின் வைத்துக்கொள்ளலாமாம். பாட்டு? "மெஷின் பேச்சுக்குதான் சார். பாட்டு நீங்க நெனைக்கிற மாதிரி இருக்காது. கேக்கணும்னு இருக்கறத இப்பவே நல்லா கேட்டுக்கங்க."

மாதா கோயிலில் இருபது வருஷமாகக் கீபோர்டு வாசிக்கிறவனிடம் சொல்கிறாள். அவளுக்கு அது தெரியாது. நானும் சொல்லவில்லை.

மதியம் இட்லி, கத்திரிக்காய் கொத்சு. ஸ்டெ. தொடவில்லை. அவள் தட்டையும் நானே காலி செய்தேன். துக்கத்தில் பசி ஜாஸ்தி எனக்கு.

பிப். 11, புதன்

கடை. (மருந்துக் கடை வைத்திருப்பவனுக்குக் காது போவது, நல்ல ஜோக்.) ஒரு அம்மா மாத்திரை பேர் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய்ச் சீட்டை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். போகும்போது பக்கத்து ஆளிடம், "இவுரு காது அவுட்டு போல." அது மட்டும் துல்லியமாகக் கேட்டது.

கூட்டம் இல்லாத நேரத்தில் போன வருஷத்துப் பாஸ்கா பதிவைப் போனில் போட்டேன். ஈஸ்டருக்கு முந்தின ராத்திரிப் பூசை. நல்ல மைக் வைத்து நானே பதிந்தது, பெரிய ஃபைல். அதில் எல்லாரும் சேர்ந்து பாடும் வானவர் கீதத்தில் ஸ்டெ. தனியாகப் பாடும் நாலு வரி இருக்கிறது. அவள் குரல் மேலே ஏறும்போது கோயிலில் இருமல்கூட நின்றுவிடும். போனில் தகர டப்பா. அந்தப் பதிவை அதன் தரத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

முடிவு: நல்ல பிளேயர் ஒன்று. பாட்டுக்கு மட்டும். காது இருக்கும்போதே.

பிப். 15, ஞாயிறு

பூசை முடிந்து ஸ்டெல்லாவோடு சிதம்பரம். ஜாபர் கடை, மேலவீதிப் பக்கம் ஒரு சந்து. பரங்கிப்பேட்டைக்காரன், காலேஜ் சிநேகிதன். ஷார்ஜாவில் பல வருஷம் இந்தச் சாமான்தான் விற்றான். பொருள் கையில் இல்லை, லேப்டாப்பில் படம். சொன்னால் வரவழைப்பான்.

அ) தீப்பெட்டி அளவு. திரை நகம் அளவு. சத்தம் பிரமாதமாம்.
ஆ) செங்கல். முழுக்கத் திரை. இரண்டு விதமான ஹெட்போன் துளை. பேட்டரி நாளெல்லாம் நிற்கும். சத்தம் இதிலும் அதேதான் என்கிறான்.

இரண்டிலும் தங்க ஸ்டிக்கர், நாற்பதாயிரம் ஹெர்ட்ஸ் வரை என்று. நம் காது நாலாயிரத்திலேயே நொண்டுகிறது, மீதியை என்ன செய்ய என்றேன்.

"அது வவ்வாலுக்கு மச்சான். நீ உன் பங்க மட்டும் கேளு."

சிரித்தேன். அவனும் சிரித்தான். பிறகு இன்னொரு டீ சொன்னான்.

எனக்கு அ. ஸ்டெல்லாவுக்கு ஆ. "அந்தச் சின்னதுல எழுத்தே தெரியலங்க. என்னா பாட்டு ஓடுதுன்னு எப்படிப் பாக்கறது?" பாட்டுப் பெட்டிக்குத் திரை எதற்கு, காதால் கேட்கிற சாமான்தானே என்று கத்தினேன். கொஞ்சம் ஜாஸ்தியாகத்தான் கத்திவிட்டேன். என் குரலின் அளவு எனக்கே தெரிவதில்லை. ஜாபர் அவள் பக்கம் சேர்ந்துகொண்டான். ஆ.

பிப். 18, புதன்

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பல். கடைக்கு வந்தவர்கள் பாதிப்பேர் அதே நெற்றியோடு.

ஈஸ்டருக்கு முந்தின இந்த நாற்பது நாள் தபசு காலத்துக்கு ஸ்டெ. ஒரு நேர்ச்சை வைத்துவிட்டாள். அவளுக்கு இல்லை, எனக்கு. ஈஸ்டர் வரைக்கும் பாட்டு கேட்கக் கூடாது. கோயிலில் வாசிப்பது சேர்த்தி இல்லை. மாதா காதைத் திருப்பித் தருவாள்.

டாக்டர் இப்பவே கேட்கச் சொன்னாளே என்றேன்.

"அதுக்குத்தாங்க. இருக்கறதக் குடுத்தாத்தான் காணிக்கை. கறி சாப்பிடாம இருக்கறது உங்களுக்கு ஒரு கஷ்டமா?"

சரி என்றேன். பக்தி என்று சொல்ல மாட்டேன். வேறு வழி தெரியாதவன் எதையும் பிடித்துக்கொள்வான்.

மார்ச் 3, செவ்வாய்

வெயில் ஆரம்பித்துவிட்டது. பெட்டி வந்தது. ஜாபரே கொண்டுவந்தான். வழக்கமாக எந்தச் சாமானையும் பிரித்து, ஒரு பாட்டு போட்டுக் கேட்டுவிட்டுத்தான் தருவான். இந்தத் தடவை சீல் அப்படியே.

"நோன்பு மச்சான். பெருநாள் வரைக்கும் பாட்டு கெடையாது. நீ பிரிச்சு ஓட்டிப் பாரு."

"எனக்கும் நோன்புடா."

விற்றவனும் கேட்கவில்லை, வாங்கினவனும் கேட்கவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினான். ஸ்டெ. பெட்டியை மாதா சுரூபத்துக்குக் கீழே வைத்து மல்லி சாத்தினாள். மெழுகுவர்த்தி வேறு. அட்டையில் பிடித்துக்கொள்ளப்போகிறது என்று தள்ளி வைத்தேன்.

மார்ச் 14, சனி

குக்கர் விசில் கேட்கவில்லை. பருப்பு கருகி வாடை வந்த பிறகுதான் ஓடினேன். ஸ்டெ. அக்கா வீட்டிலிருந்து வருவதற்குள் குக்கரைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டேன். "என்னா கருகல் வாசன?" பக்கத்து வீடு என்றேன்.

வாங்க வேண்டியவை: பேதி மாத்திரை 2 பெட்டி, பஞ்சு, கடைக்கு ஒரு பெரிய மணி. கடைசியில் எழுதியதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். எதற்கு.

மார்ச் 21, சனி

பெருநாள். ஜாபர் பிரியாணியோடு வந்தான். தபசு காலமாச்சே என்று ஸ்டெ. பெரிய டப்பாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள், முகத்தைச் சுளிக்காமல். அவனுக்கு வருத்தமில்லை, தெரிந்துதான் பாயசம் தனியாகக் கொண்டுவந்திருந்தான்.

"என் நோன்பு முடிஞ்சிது. இப்ப பிரி மச்சான். வாரண்டிக்காவது ஒரு தடவ போட்டுப் பாரு."

கை பெட்டி வரைக்கும் போனது. ஸ்டெ. ஒன்றும் சொல்லவில்லை, டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சொல்லியிருந்தால் பிரித்திருப்பேன், சண்டைக்காகவாவது. இவ்வளவு நாள் ஓடிவிட்டது, இன்னும் இரண்டு வாரம். கையை எடுத்துக்கொண்டேன்.

வாசலில் ஜாபர் என் தோளைப் பிடித்துச் சத்தமாக, மெதுவாக, பச்சைப்பிள்ளையிடம் பேசுவது மாதிரிப் பேசினான். "காது யாருக்காகவும் காத்துக்கிட்டு இருக்காது மச்சான்."

எரிச்சலாக வந்தது. சரியாகச் சொல்கிறவர்கள்மேல்தான் எனக்கு எரிச்சல் வரும்.

ஏப்ரல் 2, பெரிய வியாழன்

சாயங்காலப் பூசை. வானவர் கீதத்துக்கு மணிகள் எல்லாம் அடித்தார்கள். கேட்டது. மெலிசாக, பக்கத்துத் தெருவில் அடிப்பது மாதிரி, ஆனால் கேட்டது. அதன் பிறகு வழக்கப்படி கீபோர்டை மூடித் துணி போட்டேன். இனி சனி ராத்திரி வரைக்கும் மணி இல்லை, வாத்தியம் இல்லை, மணிக்குப் பதில் தட்டுகிற மரக்கட்டைதான்.

ஸ்டெல்லாவிடம், மணி கேட்டது என்றேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஏப். 3, பெரிய வெள்ளி

காலையில் எழுந்ததும் இரண்டு காதிலும் இரைச்சல், கடல் பக்கத்தில் படுத்த மாதிரி. தலை லேசாகச் சுற்றியது. உபவாசம் என்று நினைத்தேன். சிலுவைப்பாதை, வெயில். ஊரே வாய்மூடி இருந்தது, அதில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கட்டைச் சத்தம் 'டொக் டொக்' என்று நன்றாகவே கேட்டது. ஸ்டெ. பேசும்போது மட்டும் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அவளுக்கும் பசி, மெதுவாகப் பேசுகிறாள் என்றே நினைத்தேன்.

ஏப். 5, ஈஸ்டர்

எழுதிவிடுகிறேன்.

நேற்றுப் பாஸ்கா பூசை. வானவர் கீதம் தொடங்கினதும் விளக்கு எல்லாம் எரிந்தது. பீடத்துப் பையன்கள் மணியைக் கையில் தூக்கி ஆட்டினார்கள். பார்த்தேன். கைகள் ஆடுகின்றன, மணிகள் ஆடுகின்றன, ஒன்றுமில்லை. சாமியார் சிரித்துக்கொண்டு நின்றார். ஒன்றுமில்லை. என் கீபோர்டில் இடது கையின் கனத்த சுரம் கேட்டது, வலது கையின் மேல் சுரம் கேட்கவில்லை. விரல் பழக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. ஸ்டெல்லாவின் நாலு வரிக்கு அவள் வாயைப் பார்த்து வாசித்தேன். வாயை மூடினாள், நிறுத்தினேன். யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் வந்து கைகொடுத்தார்கள்.

இன்று காலை ஸ்டெ. குளித்துப் புதுப் புடவை கட்டி, ஜெபம் சொல்லிப் பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். சீல் பிரித்தேன். நல்ல கனம். சார்ஜ் பாதி இருந்தது. கார்டைப் போட்டு, அந்தப் பதிவைத் தேடி எடுத்தேன். ஹெட்போனை அவளே மாட்டிவிட்டாள்.

நல்ல பிளேயர். தரையில் நாற்காலி இழுபடும் சத்தம்கூட வந்தது. ஆம்பளைக் குரல்கள் அடியில் கும்மென்று. அவள் பாடும் இடம் வந்தது. என் இடது கை மட்டும் தனியாக வாசித்துக்கொண்டிருந்தது. சத்தத்தைக் கூட்டினேன். இடது கை கூடியது.

பிடுங்கி அவள் தலையில் மாட்டினேன். கண்ணை மூடினாள். கன்னத்தில் வழிந்தது. பெருவிரல் தாளம் போட்டது. தன் குரல் இப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. பிறகு கழற்றி, என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். உதட்டைப் பார்த்தேன். "கேக்குதா?"

இல்லை என்றால், அந்த நாற்பது நாளும் அவள் தலையில் விழும். சாகும்வரை சுமப்பாள். அவளை எனக்குத் தெரியும்.

"கேக்குது. நல்லா கேக்குது."

மாதா பக்கம் திரும்பி முழங்காலில் விழுந்தாள். நான் பெட்டியின் அட்டையை மடிக்கப் பார்த்தேன். மடிக்க வரவில்லை.

ஏப். 7, செவ்வாய்

மேகமூட்டம், புழுக்கம். சிதம்பரம் போக வேண்டும், டாக்டர். அவளைக் கூட்டிப்போகாமல் போவதற்கு ஒரு காரணம் வேண்டும். ஜாபர் மெசேஜ்: "சவுண்டு எப்படி மச்சான்?" இன்னும் பதில் போடவில்லை.

காலையில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தேன். தினமும் உட்கார வேண்டும் போலிருக்கிறது. ஸ்டெ. கீரை ஆய்ந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தாள். "என்னா பாட்டு ஓடுது?"

திரையைப் பார்த்துச் சொன்னேன்.