அண்ணனின் வயது

குன்னூர், 1 மார்ச் 1926, திங்கள்

வெயிலை நம்பிக் கம்பளிக் கோட்டை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். பத்து மணிக்கு மஞ்சு இறங்கிவிட்டது. எட்டு வருடமாக இதே எஸ்டேட் ஆபீசுக்குப் போய்வருகிறவன் செய்கிற காரியமா இது? நாள் முழுக்க விரல் விறைத்து, ‘7’ எல்லாம் ‘1’ மாதிரி விழுந்தது. பெரிய கிளார்க் சுவிசேஷமுத்து ஐயா என் பேரேட்டைப் பார்த்துவிட்டுக் கரி அடுப்பை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மாலையில் கடைவீதிக்குப் போனேன். ஹபீப் முகமதுவின் பலசரக்குக் கடையில் எனக்கு இரண்டு கடிதங்கள் காத்திருந்தன. எஸ்டேட்டுக்கு வரும் தபால் பையைத் துரையே திறப்பார் என்பதால் இந்த விஷயத்துக்கு ஹபீப் கடைதான் விலாசம். ஆடிட்டர் லைசென்சு வாங்க எந்த ஊரில் என்ன தகுதி கேட்கிறார்கள் என்று மதராசுக்கும் பம்பாய்க்கும் எழுதியிருந்தேன். மைசூரிலும் ஒருவரைக் கேட்டேன். அந்த ராஜ்யத்துக் குடிகளுக்குத்தான் இடம் என்று அவர் இரண்டே வரியில் முடித்துவிட்டார். கூடலூரைத் தாண்டினால் நான் அயலான்.

2 மார்ச்

கடிதங்களை நாலு தரம் படித்தாயிற்று.

மதராஸ்: இருபத்தைந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். ஐந்து வருடம் பொறுப்பாகக் கணக்கு வேலை பார்த்ததற்கு முதலாளியின் சர்ட்டிபிகேட் வேண்டும். அப்புறம் பரீட்சை. வேலையை விடாமல், இந்த வீட்டில் இருந்தபடியே படிக்கலாம். அந்த லைசென்சு மதராஸ் ராஜதானிக்குள் மட்டும் செல்லும்.

பம்பாய்: பார்த்த வேலைக்கு மதிப்புக் கிடையாது. ஓர் ஆடிட்டரிடம் மூன்று வருடம் பயிற்சி, அப்புறம் பரீட்சை. ஹபீபின் சித்தப்பா மகன் தாவூத் அங்கே துணி ஏஜெண்டு ஆபீசில் இருக்கிறான். அவன் ஒரு பார்சி ஆடிட்டரைப் பிடித்து வைத்திருக்கிறான். அவருக்குச் சொந்தமாக ஒரு சட்டம். இருபத்துநான்கு வயதுக்கு மேற்பட்டவனை அவர் சேர்ப்பதில்லையாம், அதற்குமேல் முதுகு வளையாதாம். அந்த லைசென்சு இந்தியா பூராவும் செல்லும்.

ஹபீப், “உனக்கு இருபத்தாறு. பம்பாய் போச்சு. பேசாம மதராசுக்கு எழுதிப்போடு” என்றான்.

அவன் சொன்னது சரிதான். எஸ்டேட் ரிஜிஸ்தரில் எனக்கு இருபத்தாறு.

எனக்கு இருபத்திரண்டு.

5 மார்ச்

இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. இந்த நோட்டு என் பெட்டியில்தான் இருக்கிறது, பெட்டிச் சாவி என் இடுப்பில். எழுதிவிடுகிறேன்.

எனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்தான். 1900 ஜனவரியில். நெல்சன் என்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள். மூன்று வயதில் கக்குவான் இருமலில் போய்விட்டான். அடுத்த பிப்ரவரியில் நான் பிறந்தேன். அம்மா அந்தப் பெயரையே எனக்கும் வைத்தாள். வேறு பெயர் வாயில் வரவில்லையாம்.

1918-இல் அந்தக் காய்ச்சல் வந்தது. பம்பாய்க் காய்ச்சல் என்றுதான் சொன்னார்கள். எங்கள் எஸ்டேட்டில் மட்டும் வாரத்துக்கு நாலைந்து பேர். பாக்டரி கிளார்க்காக இருந்த அப்பா மூன்றே நாளில் போனார். பதினெட்டு வயதான மகன் இருந்தால் வேலை அவனுக்கு. இல்லையென்றால் மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அக்கா தபித்தாளை ஏற்கெனவே கோத்தகிரியில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் இருந்தது அம்மாவும் பதினாலு வயது நானும்.

அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து பெரியவனின் ஞானஸ்நானச் சீட்டை எடுத்தாள். அவன் இருந்திருந்தால் அந்த வருடம் பதினெட்டு.

என்னைக் கூட்டிக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறது. அப்பாவின் கோட்டு, கையை இரண்டு மடிப்பு மடித்து உள்பக்கம் தைத்தது. தேயிலை வாடவிட்டிருந்த தட்டுகளின் வாசனை. அந்த வாசனைதான் அப்பாவின் வாசனை என்று அதுவரை நினைத்திருந்தேன், அன்றுதான் அது பாக்டரியின் வாசனை என்று தெரிந்தது. துரை என்னை ஏற இறங்கப் பார்த்து, பையன் குள்ளம் என்றார். சுவிசேஷமுத்து ஐயா குறுக்கே வந்து, இவர்கள் குடும்பமே அப்படித்தான் என்று இங்கிலீஷில் சொன்னார். மறுநாள் என் நாற்காலியில் இரண்டு பழைய பேரேடுகள் கிடந்தன. அவற்றின்மேல் உட்கார்ந்தால்தான் மேசை எட்டியது. ஒரு வருடம் அப்படி உட்கார்ந்தேன்.

மீசை முளைக்கும் முன்பே சவரம் செய்துகொண்டேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

14 மார்ச், ஞாயிறு

கோயிலிலிருந்து திரும்பும்போது சிம்ஸ் பார்க் பக்கமாக நடந்தேன். காரணம் ஒன்றும் இல்லை. போகப்போவது போலப் பார்த்துக்கொண்டு வருகிறேன், எங்கே போகப்போகிறேன் என்றுதான் தெரியவில்லை. மேட்டுப்பாளையம் ரயில் ஊதிக்கொண்டு ஏறி வந்தது. சின்ன வயதில் அப்பாவும் நானும் அதன் புகையைப் பார்த்தே மணி சொல்வோம். அவர் எப்போதும் ஐந்து நிமிடம் தப்பாகச் சொல்லி என்னை ஜெயிக்க விடுவார்.

20 மார்ச்

மதராஸ் கேட்பது அண்ணனை. பம்பாய் கேட்பது என்னை.

அவன் முகம் எனக்குத் தெரியாது. போட்டோ கிடையாது. எட்டு வருடம் அவன் வயதில் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

28 மார்ச், ஞாயிறு

மதராஸ்தான். முடிவு செய்தாயிற்று. அம்மாவைத் தனியே விட முடியாது. வீடும் இருக்கும், வேலையும் இருக்கும். இருபத்தாறு என்று எட்டு வருடம் சொன்னவனுக்கு இன்னொரு காகிதத்தில் சொல்ல நாக்கு கூசுமா?

கூசுகிறது. அதுதான் தொந்தரவு. ஆடிட்டர் என்பவன், மற்றவர்கள் எழுதியது உண்மை என்று கையெழுத்துப் போடுகிறவன். அந்த லைசென்சுக்கு நான் போடும் முதல் கையெழுத்தே பொய். சரி, ஊரில் எத்தனை பேர் இப்படி இல்லை? போதும், பேனாவை மூடு.

3 ஏப்ரல், சனி

பிறந்த தேதிக்குத் தாயோ தகப்பனோ சாட்சி சொல்லி ரேகை வைக்க வேண்டுமாம். பத்திரத்தை எழுதி அம்மாவிடம் நீட்டினேன். கையில் மாவு என்றாள். கழுவிவிட்டு வா என்றேன். நாளைக்குப் பண்டிகை, பண்டிகை கழியட்டும் என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உனக்காகத்தானே நான் பம்பாயை விடுகிறேன் என்று கத்திவிட்டேன். அவள் மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

4 ஏப்ரல், ஈஸ்டர்

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

திருவிருந்துக்கு முன்னால் அம்மா எழுந்து வெளியே போய்விடுவாள். என்றும் அப்படித்தான். உலையை வைத்துவிட்டு வந்தேன் என்பாள், முட்டி வலி என்பாள். உன் உலைக்குப் பயந்து கர்த்தரே காத்திருக்கிறார் என்று நான் கேலி செய்வேன். இன்று பண்டிகையிலும் எழுந்து போனாள். நேற்றைய கோபம் எனக்கு ஆறவில்லை. பின்னாலேயே போனேன். மதிலோரம் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் அப்படி என்ன கொள்ளை போகிறது என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: “செத்த புள்ளய உசுரோட இருக்கறான்னு ரேகை வெச்சவ கண்ணு நானு. இந்தக் கைய நீட்டி அந்த அப்பத்த எப்பிடி வாங்கறது? எட்டு வருசமாச்சு.”

உள்ளே பாட்டு ஆரம்பித்தார்கள்.

“நீ பம்பாய்க்குப் போனா எனக்கு ஒடம்புல பாதி போயிரும். அது வேற. போவாதேன்னுதான் சொல்லுவேன். ஆனா இன்னொருக்கா ரேகை வைக்கச் சொல்லாதே சாமி. ஒருக்கா அவனப் பொழைக்க வெச்சேன். அதுக்கே அவங்கிட்ட என்ன சொல்றதுன்னு தெரியாம இருக்கறேன்.”

எட்டு வருடம். நான் கேலி செய்திருக்கிறேன். மாதம் ஒரு தரம் என்று வைத்தாலும் எத்தனை தரம்! அட மடையா, ஒரு தரமாவது காரணத்தைக் கேட்டாயா? அம்மா தன்னை என்ன செய்துகொண்டாள் என்று தெரியாமல் நான் அவள் சுட்ட பணியாரத்தைத் தின்றுகொண்டு பரீட்சைக்குப் படித்தேன்.

5 ஏப்ரல்

பத்திரத்தைக் கிழித்துவிட்டேன்.

8 ஏப்ரல்

சுவிசேஷமுத்து ஐயாவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படுவார் என்று நினைத்த என்னை என்ன சொல்ல! “அன்னைக்கே தெரியும் தம்பி. உங்கண்ணனப் பொதச்சப்ப நானுந்தான் மண்ணள்ளிப் போட்டேன்” என்றார்.

நான் துரையிடம் உண்மையைச் சொன்னால் ஐயாவின் தலையும் உருளும் என்றேன். ரிஜிஸ்தரில் இருப்பது அவர் கையெழுத்து. வரும் செப்டம்பரில் அவருக்கு ஓய்வு. அதுவரை பொறுக்கலாமா என்றும் கேட்டேன். தாவூத் எழுதியிருக்கிறான், பார்சிக்காரர் மே மாதத்துக்குமேல் இடத்தை வைத்திருக்க மாட்டார். ஐயா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டினார். “செப்டம்பர் வரைக்கும் உங்கம்மா வெளியவே உக்காந்திருக்கோணுமா?” என்று மட்டும் கேட்டார். இவருக்கு அதுவும் தெரிந்திருக்கிறது. ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியவில்லை போலும்.

12 ஏப்ரல், திங்கள்

இரண்டு பேரும் சேர்ந்தே துரை முன்னால் நின்றோம். அவர் இரண்டு ஞானஸ்நானச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கத்தவில்லை. வயது பொய் என்பதால் எட்டு வருட வேலைக்கும் சர்ட்டிபிகேட் கிடையாது என்றார். இந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஐயா செப்டம்பர் வரை இருக்க வேண்டாம், அவரும் இந்த மாதமே போகலாம்.

ஆக, மதராஸ் கதவு சாத்தியாயிற்று. இனி எனக்கு இருபத்தைந்து ஆனாலும் காட்ட ஒரு சீட்டு இல்லை. எட்டு வருடம் நான் எங்கும் வேலை செய்யவில்லை.

வெளியே வந்ததும் ஐயாவின் காலைத் தொடப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, மழைக்கு முன்னாடி ஓட்டைப் பிரித்து வேயவேண்டிய வேலை ஊரில் கிடக்கிறது, நேரத்தோடு விட்டார்களே என்றார். என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொன்னார். அழுதுவிட்டேன்.

18 ஏப்ரல், ஞாயிறு

அம்மா போதகரைப் பார்த்துப் பேசினாள். கூட வரவேண்டாம் என்றாள். இன்று கடைசி வரை கோயிலில் இருந்தாள்.

29 ஏப்ரல்

அம்மாவின் சாமான் வண்டியில் கோத்தகிரிக்குப் போயிற்று. அக்கா தன் வீட்டில் வடக்கு அறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறாள். காலி வீட்டைச் சுற்றிவந்தேன். அப்பா ஆணியடித்த இடம், நான் உயரம் பார்க்கக் கோடு போட்ட நிலைக்கால், அடுப்புக்கு மேலே கறுத்த சுவர். ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம் நின்றேன். பாதி வெள்ளையடித்தவனைப்போல் கையெல்லாம் சுண்ணாம்பு.

ஹபீப் ரயிலுக்கு வருகிறேன் என்றிருக்கிறான். என் நிஜ வயதைச் சொன்னதும் அவன் முதலில் கேட்டது, இத்தனை நாளாய் என்னை அண்ணன் மாதிரி அதட்டினாயே, அதற்கெல்லாம் என்ன பதில் என்றுதான்.

பம்பாய், 11 மே

வந்து சேர்ந்தேன். தாவூத்தின் அறையில் ஐந்து பேர். வெக்கையில் நோட்டுத்தாள் கையில் ஒட்டுகிறது. இங்கே டீ என்று கொடுப்பது பாலில் கரைத்த வெல்லம். பார்சிக்காரர் பத்திரத்தை நீட்டினார். வயது என்ற இடத்தில் 22 என்று எழுதினேன். பேனா தானாக 2-க்குப் பின்னால் 6 போடப் பார்த்தது.

பம்பாய், 20 ஜூன்

மழை. இது வேறு மழை, வாளியில் ஊற்றுவது போல. குன்னூரில் மழை பேசிக்கொண்டே வரும். பயிற்சிக்காரர்களில் நான்தான் கடைக்குட்டி, டீ வாங்கிவர என்னை அனுப்புகிறார்கள். பதினாலு வயதில் கிடைத்திருக்க வேண்டிய மரியாதை. ஓடி ஓடிப் போகிறேன்.

பம்பாய், 16 ஜனவரி 1927, ஞாயிறு

அம்மா சொல்ல அக்கா எழுதிய கடிதம். அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன்.

“கண்ணு நெல்சா, வியாழக்கிழமை நானும் தபித்தாளும் குன்னூருக்குப் போய் உங்கண்ணனுக்குக் கல்லு வெச்சுப் போட்டு வந்தோம். முன்ன மரச் சிலுவ இருந்துச்சு. உங்கப்பா காய்ச்சல்ல போன வருசம் நாந்தான் அதப் புடுங்கியாந்து அடுப்புல வெச்சேன், துரை ஆளுக யாராச்சும் பேரப் படிச்சிருவாங்கன்னு. கொத்தன் என்ன வெட்டறதுன்னு கேட்டான். பேரும், பொறந்த வருசமும் போன வருசமும் போதும்னேன். உம் பேரக் கல்லுல பாக்க எனக்கு நடுங்கிருச்சு. அக்காதான் புடிச்சிக்கிட்டா. நீ வெயில்ல அலையாதே.”

அந்தக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே போகும் பாதையில்தான் நான் பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போனேன். எந்த மேடு அவனுடையது என்று யாரும் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. அக்காவுக்குப் பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வாசலிலிருந்து எத்தனையாவது, இடது பக்கமா வலது பக்கமா என்று கேட்க வேண்டும்.