விதவைக்கு வைத்த பொட்டு

மார்ச் 4, செவ்வாய்

கிளடிஸ் என் அம்மாவின் முகத்தைப் பூசிக்கொண்டு விருது வாங்கினாள்.

இங்கிலாந்து மேடைகளில் பெயரெடுத்து ரொறன்ரோவுக்கு வந்த வெள்ளைக்கார நடிகை. இப்போது எழுபத்தொன்பது வயது. 1989இல் ஒரு தொலைக்காட்சி நாடகத்தில் தமிழ் அகதி விதவையாக நடித்தாள், தோலில் பழுப்புச் சாயம் தடவி. யாழ்ப்பாணத்தில் மேடையேறியிருந்த அம்மா அந்த வேடம் கேட்டுத்தான் போனார். நடிக்க வேண்டாம், கிளடிஸுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்றார்களாம். சேலை, நடை, அழுகை — எல்லாம் அம்மா கொடுத்தது. பெயர்ப்பட்டியலில் அம்மா இல்லை.

இந்த மாதம் அவளுக்குப் பாராட்டு விழா. அந்த விதவையின் காட்சி ஒன்றை மேடையில் நடிக்க என்னைக் கேட்கிறார்கள். சரியாகச் செய்தால் அடுத்த நாடகத்தில் முதன்மை வேடமாம். ஏழு வருடமாக எனக்குக் கிடைத்தது தாதி, அகதி, மறுபடி தாதி. வேண்டாமென்று சொல்ல வாய் வருமா?

மார்ச் 6

வரவில்லை. ஓம் என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

மல்வேர்ன் வீட்டில் அம்மாவோடு அந்த நாடகத்தின் பழைய பதிவைப் பார்த்தேன். கதைப்படி அந்த விதவை புருசனைப் பறிகொடுத்து ஒரு மாதம். கிளடிஸின் நெற்றியில் டொலர் நாணயக் குத்தி அளவில் குங்குமப் பொட்டு.

"உதென்னம்மா? செத்தவீட்டுக்காரிக்குப் பொட்டோ?"

"நான்தான் வச்சுவிட்டனான்." கத்தரிக்காய் வெட்டும் கை நிற்கவில்லை.

"தெரியாமலோ?"

"எனக்கோ தெரியாது! சரியோ எண்டு கேட்டவை. ஓம், நல்ல வடிவு எண்டன். எங்கட சனம் விழுந்து விழுந்து சிரிச்சது, பிள்ளை." அம்மாவும் சிரித்தார். பிறகு, "அந்த முகத்துக்குத்தான் விருதும் குடுத்தவை."

பொட்டழிக்கும் வழக்கமும் எனக்குப் பிடிக்காது. அது வேறு சண்டை.

மார்ச் 21

ஒத்திகை. எனக்கும் அதே பொட்டு. பிழை என்றேன். இயக்குநர் சிரித்தார்: "அப்போதே ஒரு தமிழ் நிபுணர் உறுதிப்படுத்தியது."

நிபுணர்! முப்பத்தாறு வருடம் கழித்து அம்மாவுக்குப் பதவி கிடைத்திருக்கிறது. பெயர்தான் இன்னும் இல்லை.

மார்ச் 29, சனி

பொட்டோடு நடித்தேன். கைதட்டினார்கள். நான் குனிந்து வணங்கவில்லை. முன்வரிசையில் இருந்த கிளடிஸைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கக் கேட்டேன்: "இந்தப் பொட்டை உங்களுக்கு வைத்துவிட்ட பெண்ணின் பெயர் என்ன?"

கிளடிஸின் விரல் தன் நெற்றியைத் தொட்டது. இயக்குநர் எழுந்து வெளியே போனார். முதன்மை வேடமும் அவரோடு போனது.

மூன்றாம் வரிசையில் அம்மா, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

மறுபடி கேட்டேன். "பெயரைச் சொல்லுங்கள்."