அப்போ உங்களுக்கு வீடு இருக்கா?

ஜூன் 4

அன்புள்ள சாவிக்கடை அண்ணனுக்கு,

கையெழுத்தைப் பார்த்து யாரென்று யோசிக்க வேண்டாம். கையில் சாவியை வைத்துக்கொண்டு, வீடு எதென்று மறந்துவிட்டது என உங்கள் கடை முன்னால் நின்று அழுதேனே, அந்தப் பொய்க்காரிதான். இரண்டு முறை போனில் கூப்பிட்டேன். "மிஷின் ஓடுதும்மா, ஒண்ணும் கேக்கல" என்று வைத்துவிட்டீர்கள். கடிதமென்றால் மிஷினை நிறுத்திய பிறகாவது படிப்பீர்கள்.

அண்ணா, மனிதர்களுக்குக் கோபம் வரவைப்பதுதான் என் பிழைப்பு. டி.வி. நிகழ்ச்சிக்காக எங்கேயாவது கேமராவை ஒளித்துவைத்துவிட்டு என்னை அனுப்புவார்கள். அப்பாவியாக ஒருவர் மாட்டுவார். அவருடைய பொறுமை எந்த இடத்தில் அறுகிறது என்று பார்த்து ஊர் சிரிக்கும். என்மேல் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள், செருப்பைக் கழற்றியிருக்கிறார்கள், ஒரு மருந்துக்கடைக்காரர் போலீஸையே கூப்பிட்டுவிட்டார். நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன்.

எழுதிவைத்த கதைப்படி நீங்கள் முதலில் சிரிக்க வேண்டும், பிறகு விரட்ட வேண்டும். நீங்களோ ஸ்டூலைத் துடைத்துப் போட்டீர்கள். "உக்காருங்க. வீடு எங்கயும் ஓடிப்போகாது, நாமதான் தேடிப் போகணும்" என்று சொல்லிவிட்டுக் கடையையே பூட்டினீர்கள். பின்னால் இருக்கும் குடியிருப்பில் கதவைத் திறந்தவர்கள் எல்லோரும் எங்கள் ஆட்கள். உங்களைத் திட்டுவதற்கென்றே சம்பளம் வாங்கியவர்கள். ஒவ்வொரு கதவிலும் நான் "இது இல்லண்ணா, கதவு வேற கலர்" என்று சொல்ல வேண்டும். நீங்கள் அந்த வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த மாடிக்கு ஏறினீர்கள். மூன்றாவது மாடியில் ஒருவர் திருடன் என்றே சொல்லிவிட்டார். "திட்டுங்க சார். கொஞ்சம் மெதுவா திட்டுங்க, அவங்க பயப்படுறாங்க" என்றீர்கள். மேடையில் பழுத்த நடிகர் அவர். வசனம் மறந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கடைசியில் எல்லோரும் கைதட்டிக்கொண்டு வெளியே வந்து கேமராவைக் காட்டுவார்கள். எனக்கு அந்த நிமிடம் என்றைக்குமே பிடித்ததில்லை. ஏமாந்தவர் முகம் சுருங்கிப்போவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். நீங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்போ உங்களுக்கு வீடு இருக்கா?" என்று கேட்டீர்கள். இருக்கிறது என்றேன். "அப்பாடா" என்று படியிலேயே உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள்.

அந்த 'அப்பாடா'வைத்தான் ஊரே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறது. கோபப்படுகிறவர்களை ஒரு தடவை பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். உங்களை மட்டும் வீட்டிலுள்ளவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்க்கிறார்களாம். எங்கள் டைரக்டருக்குக் காரணம் புரியவில்லை. எனக்கு ஓரளவு புரிகிறது. அவமானப்பட வேண்டிய நேரத்தில் ஒரு மனிதர் அடுத்தவரை நினைத்து நிம்மதி அடைவதை நான் அதுவரை கண்ணால் கண்டதில்லை. இன்னும் மலைப்புத் தீரவில்லை.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். உங்களுக்குக் கோபமே வரவில்லையா? நீங்கள் சிவப்பு நூலில் கோத்து என் கழுத்தில் போட்டுவிட்ட சாவியை நான் இன்னும் கழற்றவில்லை.

இப்படிக்கு,
வீட்டைத் தொலைத்த தங்கை


ஜூன் 19

அன்புள்ள தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. நானும் உங்கள் அண்ணியும் மாற்றி மாற்றிப் படித்தோம். இங்கே எல்லோரும் சுகம், என் முட்டியைத் தவிர.

கோபம் வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். வந்தது. நான்காவது மாடி ஏறும்போது வந்தது. யார்மேல் கோபப்படுவதென்று தெரியாததால் அதுவே போய்விட்டது.

நீங்கள் கொண்டுவந்தது வீட்டுச் சாவியே இல்லை, அலமாரிச் சாவி. கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. வீடும் நினைவில்லாமல் நிற்கிறவரிடம், கையில் இருக்கிற சாவியும் பொய் என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் சும்மா கூட நடந்தேன். யாராவது உங்களை அடையாளம் கண்டு கூப்பிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை.

நிகழ்ச்சி வந்த நாளிலிருந்து வீட்டில் எனக்கு அர்ச்சனை நடக்கிறது. "கண்டவங்களுக்குன்னா கடையைப் பூட்டிட்டு மாடி மாடியா ஏறுவீங்க. கட்டினவ கூப்பிட்டா மட்டும் மிஷின் ஓடும்" என்கிறாள் உங்கள் அண்ணி. அவள் சொல்வது நியாயம்தான். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் என்று எனக்குப் பட்டமும் கொடுத்திருக்கிறாள்.

இப்போது ஒரு மனக்குறையைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடைக்கு வருகிறவர்கள் பாதிப்பேர் என்னை வேடிக்கை பார்க்க வருகிறார்கள். பொய்யாக அழுது காட்டுகிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். போன திங்கட்கிழமை ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். விடுதி அறைச் சாவி தொலைந்துவிட்டது, மறுநாள் பரீட்சை, புத்தகமெல்லாம் உள்ளே. அழுதுகொண்டே நின்றாள். என் கண் தானாக மேலே போய்க் கூரையில் கேமரா இருக்கிறதா என்று தேடியது. ஒரு நொடிதான். அதை அந்தப் பெண் பார்த்துவிட்டாள். "என்ன அங்கிள், நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறீங்களா?" என்றாள். கூடப் போய்ப் பூட்டைத் திறந்து கொடுத்தேன். ஆனால் அவள் அழுகை நின்றது என் உதவியால் இல்லை. என் பார்வையால் நின்றது. அது இன்னும் குத்துகிறது.

கண்ணுக்கு வந்த இந்தப் பழக்கம் போக உங்களிடம் ஏதாவது வைத்தியம் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
சாவிக்கடை அண்ணன்


ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை என்று கூப்பிட்டபின் 'நீங்கள்' எதற்கு? இனி 'நீ' என்றே எழுதுங்கள். அண்ணிக்கு என் வணக்கம். அவர் பக்கம்தான் நியாயம் என்று நானும் சாட்சி சொல்வேன்.

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. அந்தக் கல்லூரிப் பெண் என் நெஞ்சைவிட்டுப் போகவில்லை. உங்கள் கண்ணுக்கு அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தது நான். ஊர் முழுக்க எத்தனை பேர் கண் இப்படி மேலே போகிறதோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

வைத்தியம் கேட்டிருந்தீர்கள். ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லக்கூடாது என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், தெரிந்தால் வேலை போய்விடும். போனால் போகட்டும். எங்கள் ஆள் ஒருவர் மறுபடியும் உங்கள் கடைக்கு வரப்போகிறார். ஒருமுறை ஏமாந்தவர் இரண்டாம்முறையும் அப்படியே இருப்பாரா என்று பார்க்க வேண்டுமாம். எப்போது, யார், எப்படி என்பதை அடுத்த பக்கத்தில் எழுதுகிறேன்.

(பக்கம் 2)

வருகிற புதன்கிழமை வருவார். நாற்பது வயது ஆண், என்னைவிடக் கெட்டிக்கார நடிகர். முகம் தூங்காதவர் மாதிரி இருக்கும். யாரும் கேட்காத ஒரு சாவியைக் கேட்பார். ஏன் என்றால் நேராகப் பதில் சொல்ல மாட்டார். கேமரா எதிர்க்கடை வாசலில் உள்ள பூந்தொட்டிக்குள் இருக்கும். நீங்கள் மனதை வருத்திக்கொள்ளாதீர்கள். "கேமரா எங்கப்பா?" என்று சிரித்து அனுப்பிவிடுங்கள். அவர் ஒருவர்தான் பொய். மற்றவர்களை நம்பலாம்.

இப்படிக்கு,
தங்கை


ஆகஸ்ட் 11

அன்புள்ள தங்கைக்கு,

நீ கேட்டபடியே 'நீ' போட்டுவிட்டேன்.

உன் கடிதத்தில் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன். இரண்டாவது பக்கத்தை மடித்து அண்ணியிடம் கொடுத்துவிட்டேன். அவளும் பிரிக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே. வேலை போகும் என்று தெரிந்தும் எனக்காக எழுதியிருக்கிறாய், கூடப் பிறந்தவள்கூட அவ்வளவு செய்ய மாட்டாள். ஆனால் யார் பொய் என்று நீ எழுதியிருப்பதைப் படித்துவிட்டால், வருகிற ஒவ்வொருவரிடமும் அந்த முகத்தைத்தான் தேடுவேன். வெளுத்ததெல்லாம் பால் இல்லை என்று எனக்கும் இப்போது தெரியும். பொய்க்காரரிடம் ஏமாந்தால் எனக்கு ஒரு பொழுது போகும். நிஜக்காரரைச் சந்தேகப்பட்டால் அவருக்கு என்ன போகும் என்று எனக்குத் தெரியாது. அதனால் ஏமாறுவதென்றே முடிவு செய்துவிட்டேன். அண்ணியும் "சரி, ஏமாந்துட்டுப் போங்க, மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் நேரத்துக்கு உக்காருங்க" என்று சொல்லிவிட்டாள்.

உங்கள் ஆள் புதன்கிழமை வந்தார் என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை சைக்கிள் பூட்டுக்கு வந்த கிழவரோ என்றும் ஒரு சந்தேகம். ஆனால் அவர் நன்றாகவே சிரித்தார்.

புதன்கிழமை ஆளுக்கு நாற்பது வயதிருக்கும். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். குடியிருக்கும் கட்டடத்தின் மொட்டைமாடிக் கதவுக்குச் சாவி வேண்டும் என்று பூட்டின் போட்டோவைக் காட்டினார். எதுக்குங்க என்றேன். "காத்து வாங்க" என்றார். சொல்லும்போது அவர் என்னையும் பார்க்கவில்லை, எதையும் பார்க்கவில்லை. என் தலை தானாக மேலே நிமிரப் பார்த்தது. பின்கழுத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். நிஜமாகவே பிடித்துக்கொண்டேன், கழுத்துச் சுளுக்கா என்று அவரே கேட்டார்.

பிறகு நானும் ஒரு பொய் சொன்னேன். "மிஷின் சூடாயிடுச்சு, ஆற நேரமாகும். உக்காருங்க" என்றேன். பார், உன் தொழிலுக்கு வந்துவிட்டேன். அண்ணி கொண்டுவந்த சாப்பாட்டைப் பங்கு போட்டேன். பாதிதான் சாப்பிட்டார். நடுவில், யாரோ எதையோ கேட்டதற்குப் பதில் சொல்வது போல, "நான் இல்லாட்டி யாருக்கும் ஒண்ணும் ஆகாதுங்க" என்றார். "எனக்கு ஆகுங்க. சாவி போட்டுக் குடுத்தவன் நான்தானே, அப்புறம் நான் எந்த முகத்தோட இந்த மிஷின் முன்னாடி உக்காருவேன்?" என்றேன். அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வெகுநேரம் அழுதார். வந்த வாடிக்கையாளர்களை அண்ணி வெளியிலேயே நிறுத்தி நாளைக்கு வரச்சொன்னாள். கெஞ்சிக் கெஞ்சி ஒரு போன் நம்பர் வாங்கினேன். வெளியூரில் இருக்கும் அவருடைய தங்கையின் நம்பர். அந்தப் பெண் சாயங்காலம் அடித்துப் பிடித்து வந்து, அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து தினமும் மிஷினை நிறுத்திவிட்டு அவருக்குப் போன் செய்கிறேன். அண்ணியால் நம்பவே முடியவில்லை. சாவியை நான் வெட்டவே இல்லை.

அவர் உங்கள் ஆள் என்றால், இப்படி ஒரு நடிப்பை நான் பார்த்ததில்லை என்று சொல். நடிப்புக்காக உடம்பை இப்படி வாட்டிக்கொள்ள வேண்டாம் என்றும் சொல். அன்று கடையைப் பூட்டும்வரை காத்திருந்தேன். மறுநாளும் பார்த்தேன். இன்னும் யாரும் கைதட்டிக்கொண்டு வெளியே வரவில்லை. வந்தால் சொல்லலாம் என்று ஒரு 'அப்பாடா'வை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்


ஆகஸ்ட் 17

அன்புள்ள அண்ணனுக்கு,

யாரும் கைதட்டிக்கொண்டு வரமாட்டார்கள்.

எங்கள் நடிகருக்குக் காய்ச்சல். புதன்கிழமைப் படப்பிடிப்பைத் தள்ளிவைத்துவிட்டார்கள். அன்று எங்கள் பக்கத்திலிருந்து ஒருவரும் உங்கள் தெருவுக்கே வரவில்லை. பூந்தொட்டி மட்டும்தான் இருந்தது, அதற்குள் கேமரா ஓடவில்லை. அவர் எங்கள் ஆள் இல்லை, அண்ணா.

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்து முடித்தேன். அண்ணி மடித்து வைத்திருக்கும் அந்த இரண்டாவது பக்கத்தைத் தயவுசெய்து கிழித்துப் போட்டுவிடுங்கள். அதில் புதன்கிழமை என்று எழுதியிருந்தேன். நாற்பது வயது என்று எழுதியிருந்தேன். யாரும் கேட்காத சாவியைக் கேட்பார், சிரித்து அனுப்பிவிடுங்கள் என்று எழுதியிருந்தேன். உங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு எழுதினேன்.

உங்கள் கடிதத்தை டைரக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் ஒப்பந்தத்தை மீறியது அதிலேயே இருக்கிறது, வேலை போகட்டும் என்றுதான் கொடுத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். வெளியே எட்டிப்பார்த்து, "அந்தப் பூந்தொட்டியை எடுத்துட்டு வந்துருங்கப்பா" என்று மட்டும் சொன்னார். இனி உங்கள் கடைக்கு எங்களில் யாரும் வரமாட்டார்கள். நான் வருவேன், ஆனால் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

உங்களைப் பற்றி என்ன எழுதுவதென்று தெரியவில்லை. எதை எழுதினாலும் சிறியதாகப் படுகிறது. பேனாவை எடுப்பதும் கழுத்துச் சாவியைத் தொட்டுப் பார்ப்பதுமாக இருக்கிறேன். எனக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான். இரண்டு நாளாக வேறெதுவும் ஓடவில்லை. அந்தத் தங்கை எங்கே கூட்டிக்கொண்டு போனாள், அங்கே அவருக்கென்று ஓர் இடம் இருக்கிறதா, யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா? உடனே எழுதுங்கள்.

அப்போ அவருக்கு வீடு இருக்கா, அண்ணா?

இப்படிக்கு,
உங்கள் தங்கை