அண்ணாச்சி சொன்ன ‘நான்’

9 ஜூன் 2025, திங்கள்

மாலா வகுப்பில் இன்று நவுன் கிளாஸ் (noun clause). கல்லூரியில் என்னோடு கடைசி பெஞ்சில் தூங்கியவள், இப்போது வீட்டு மாடியில் போர்டு மாட்டி ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்துகிறாள். நர்சிங் படிக்கிற பிள்ளைகள் நால்வருக்கு நடுவில் முப்பத்தொன்பது வயது மாணவி நான் ஒருத்திதான்.

ஒரு பெயர்ச்சொல் உட்காருகிற நாற்காலியில் ஒரு வாக்கியமே ஏறி உட்கார்ந்தால் அது நவுன் கிளாஸ். ‘எனக்குப் பிரியாணி பிடிக்கும்.’ ‘எனக்கு நீ செய்தது பிடிக்கும்.’ பிரியாணியின் இடத்தில் ‘நீ செய்தது’. அவ்வளவுதான். வீட்டில் இவரிடம் இதையே உதாரணமாகச் சொன்னேன். “ரெண்டாவது எனக்குப் பிடிக்கும்னு நான் எப்பச் சொன்னேன்?” என்கிறார். கொழுப்பு.

எனக்கு இது விளையாட்டு இல்லை. நான் வேலை பார்க்கிற தறிக்கூடத்துக்கு எறணாகுளத்து ஓட்டல்காரர்கள் டவல் கேட்டு மெயில் போட்டிருக்கிறார்கள். அந்த ஆர்டர் வந்தால் பன்னிரண்டு தறியும் ஓடும். வராவிட்டால் ஆடிக்குப் பிறகு ஆறு தறியை நிறுத்திவிடுவேன் என்று முதலாளி கோமதிநாயகம் அண்ணாச்சி சொல்லிவிட்டார்கள். மெயில் எழுதுகிற கை என்னுடையது. பயம் இருக்காதா?

11 ஜூன்

நவுன் கிளாஸை வாக்கியத்தோடு ஒட்டுகிற வார்த்தை ‘தட்’ (that). நாள் முழுக்க ‘தட்’ ‘தட்’ என்று பயிற்சி. வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்று மகள் ஹனா இரண்டு தடவை போய்க் கதவைத் திறந்து பார்த்தாள்.

13 ஜூன், வெள்ளி

வெற்றி! இன்று என் முதல் நவுன் கிளாஸ் ஊர் எல்லையைத் தாண்டியது.

அண்ணாச்சி நூல்காரரிடம் போனில் சண்டை போட்டுக்கொண்டே, “ஏம்மா, ‘நான் இருபத்தஞ்சாந் தேதி சாம்பிளோட நேர்ல வாரேன்’னு அவங்களுக்கு எழுதிரு” என்றார்கள். மொட்டையாக எழுதினால் மரியாதை இல்லையே. எனவே “Our owner said that I will come with samples on 25th” என்று எழுதினேன். முன்னால் ‘எங்கள் ஓனர் சொன்னார்’, நடுவில் ‘தட்’, பின்னால் அவர் சொன்னது. கச்சிதம். மூன்று முறை படித்துவிட்டு அனுப்பினேன்.

14 ஜூன், சனி

பதில் வந்திருக்கிறது. “அன்புள்ள ஜஸீமா மேடம், நீங்கள் வருவதில் மகிழ்ச்சி. உங்கள் மெயில்களைப் படித்து வருகிறோம், நேரில் சந்திக்க ஆவலாக இருக்கிறோம்.”

நானா? நான் எதற்கு?

“நான் வாரேன்னுதானம்மா எழுதச் சொன்னேன்?” என்றார்கள் அண்ணாச்சி.

“நானும் அதத்தான் எழுதுனேன் அண்ணாச்சி. ‘நான் வாரேன்’னு.”

“அது நான்லா?”

“ஆமா, நீங்கதான். நான்னா நீங்கதான்!”

இருவரும் கம்ப்யூட்டர் முன்னால் நின்று, நான் யார் நீ யார் என்று சாமியார் மடம் மாதிரி வாதாடிக்கொண்டிருந்தோம். ஓரம் அடிக்கிற பிச்சம்மாள் அக்கா தையல் மிஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

சாயங்காலம் மாலா மெயிலைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். “ஏட்டி, நம்ம தமிழ்ல ‘ன்னு’ போட்டா அவன் சொன்ன ‘நான்’ அப்படியே நிக்கும். ‘நான் வாரேன்னு சொன்னாரு’ன்னா வாரது அவருதான். இங்கிலீஷ்ல ‘தட்’டத் தாண்டிட்டா ‘நான்’னா எழுதுதவதான். நீ போறேன்னு நீயே எழுதிக் குடுத்திருக்க!” ‘ஐ’ இருந்த இடத்தில் ‘ஹி’ போட்டிருக்க வேண்டும். ஒரே ஒரு எழுத்து. அது என்னை எறணாகுளம் வரைக்கும் இழுக்கிறது.

16 ஜூன், திங்கள்

திருத்தம் எழுதி எடுத்துப் போனேன். அழகான திருத்தம், அதில் நவுன் கிளாஸ் இரண்டு. அண்ணாச்சி வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள்.

“இத அனுப்பாண்டாம். நீயே போயிட்டு வா.”

நான் விளையாட்டு என்று நினைத்தேன். இல்லை. போன வருடம் கரூரில் ஒரு வடநாட்டு வியாபாரியிடம் நடந்ததைச் சொன்னார்கள். “அந்த ஆளு என்னமோ கேட்டான், நான் யெஸ்னேன். இன்னொண்ணு கேட்டான், அதுக்கும் யெஸ். பதினஞ்சு நாள்ல சரக்கு தாரேன்னு யெஸ் சொல்லிருக்கேன், வீட்டுக்கு வந்துதான் தெரியுது. நாள் தவறிப்போச்சுன்னு சரக்கப் பூரா திருப்பி விட்டுட்டான்.” அந்த ஆர்டர் ஏன் போயிற்று என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. நூல் சரியில்லை என்றுதான் நினைத்திருந்தோம். பாவம், இத்தனை நாளும் அதை மனதுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார்கள்.

ஆனால் எனக்கு எழுதத்தானே வரும்? ரெண்டு மணி நேரம் டிக்‌ஷனரி பாத்து ரெண்டு வரி எழுதுதவ நான். அந்த ஓட்டல்காரங்க எதிர்ல உக்காந்து படபடன்னு கேட்டா, இருங்க மாலாட்ட கேட்டுட்டு வாரேன்னா சொல்ல முடியும்? ஆறு தறி என் தலையிலயா? யா அல்லாஹ்.

18 ஜூன்

“நானும் வாரேன். ஒரு நாள் செருப்புக் கடையப் பூட்டுனா குடியா முழுகிரும்?” என்றார் இவர். பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் இரண்டு தடவை ஃபெயில் ஆனவர். இருந்தாலும் தைரியமாக இருந்தது.

22 ஜூன், ஞாயிறு

மாலா தனியாக மூன்று மணி நேரம் எடுத்தாள். கேள்விக்குள் கேள்வி. ‘அது எங்கே இருக்கிறது?’ என்று நேராகக் கேட்டால் ஒரு வரிசை, ‘அது எங்கே இருக்கிறது என்று தெரியாது’ என்றால் வரிசை மாறுமாம். ஒரே இடம், ஒரே பொருள், எதற்கு மாற வேண்டும்? வெள்ளைக்காரனிடம் கேட்கத்தான் ஆள் இல்லை.

“அவங்க கேக்கது தெரியலன்னா என்னட்டி செய்ய?”

“தெரியலன்னு சொல்லு. ஆனா எது தெரியலங்கத முழுசாச் சொல்லு. அதுக்குத்தான் இந்தக் கிளாஸே.”

25 ஜூன், புதன் — ரயிலில், திரும்பும்போது

எழுத்து ஆடுகிறது, பரவாயில்லை.

மனசு கேட்காமல் அண்ணாச்சியும் கூட வந்தார்கள், சாம்பிள் பையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில். இவர் வெளியே. கொள்முதல் மேனேஜர் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். நான் மனப்பாடம் செய்ததெல்லாம் நான்கு நிமிடத்தில் தீர்ந்துபோயிற்று. பிறகு, எத்தனை சலவை வரைக்கும் ஓரம் பிரியாமல் இருக்கும் என்று கேட்டார்கள்.

அண்ணாச்சி காதோரம், “யெஸ் சொல்லிரு, யெஸ் சொல்லிரு” என்கிறார்கள். எத்தனை என்ற கேள்விக்கு யெஸ்ஸா!

“I don't know how many,” என்றேன். வாய் தானாக அடுத்ததையும் சொல்லிற்று. “But I know who knows.”

எத்தனை என்று எனக்குத் தெரியாது, ஆனால் யாருக்குத் தெரியும் என்று தெரியும். அந்த மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். பிச்சம்மாள் அக்காவுக்கு அங்கேயே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

“இதென்ன கேள்வி? நான் அடிச்ச துண்ட மூணு வருசமா நானே கல்லுல அடிச்சுத் துவைக்கேன், ஒரு நூலு பிரியல. அந்தம்மாவ ரெண்டு கையாலயும் இழுத்துப் பாக்கச் சொல்லு!”

சொன்னேன். மேடம் இழுத்தார்கள். எழுந்து நின்றும் இழுத்தார்கள். பிரியவில்லை.

ரயில் ஏறிய பிறகுதான் உறைத்தது. அக்கா சொன்ன ‘நான்’ எல்லாவற்றையும் நான் ‘ஷி’ என்றுதான் மாற்றிச் சொல்லியிருக்கிறேன். யோசிக்கவே இல்லை.

ஒன்று மட்டும் பாக்கி. சரக்கு ஆகஸ்ட் எட்டாம் தேதிக்குள் வேண்டுமாம். அண்ணாச்சியின் வாய் யெஸ்ஸுக்குத் திறப்பதைப் பார்த்து, எழுதி அனுப்புகிறோம் என்று முந்திக்கொண்டேன்.

27 ஜூன், வெள்ளி

எட்டாம் தேதி முடியாது. ஏழாம் தேதி ஆடித்தபசு. கொடி ஏறிவிட்டால் ஊரே கோவில் வாசலில்தான் கிடக்கும், தறிக்கு யார் வருவார்? பதினெட்டு என்றால் நிச்சயம் முடியும். ஆனால் பத்து நாள் தள்ளிச் சொன்னால் வேறு ஆளைப் பார்த்துவிடுவார்களோ?

“நீயே எழுது. ‘ஓனர் சொன்னாரு’ன்னு போடாண்டாம். அங்கன பேசுனது நீ. உனக்கு என்ன தோணுதோ அதப் போடு” என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

“I think that” என்று அடித்தேன். அதோடு நின்றுவிட்டது. ஏழு வருடமாக இங்கே நான் எழுதியதெல்லாம் ‘ஓனர் சொன்னார்’, ‘ஓனர் கேட்கிறார்’தான். தட்டுக்குப் பின்னால் என் சொந்தச் சரக்கு என்று ஒன்றை வைத்ததே இல்லை. ஒரு டீ குடிக்கிற நேரம் முழுக்க அந்த மூன்று வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எழுதினேன். எட்டாம் தேதி முடியாது என்று நினைக்கிறேன். அதற்கு முந்தின நாள் வரை எங்கள் ஊரில் திருவிழா. பதினெட்டில் தருகிறோம். முடியாததை முடியும் என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. கீழே என் பெயர் மட்டும்.

அனுப்பிவிட்டேன்.

30 ஜூன்

பதில் இல்லை. சோற்றில் உப்புப் போட மறந்துவிட்டேன். இவர்தான் எழுந்து போய் உப்பு டப்பாவை எடுத்து வந்தார்.

2 ஜூலை, புதன்

பதினெட்டு சரி என்று எழுதியிருக்கிறார்கள்! பன்னிரண்டு தறியும் ஓடும்! பிச்சம்மாள் அக்கா என்னைக் கட்டிப் பிடித்ததில் என் தோளெல்லாம் நூல் பிசிர்.

18 ஆகஸ்ட், திங்கள்

காலை பத்து மணிக்கு லோடு கிளம்பியது. ஒரு பொதிகூட மிச்சமில்லை.

மதியம் கோயம்புத்தூரிலிருந்து வேறொரு பார்ட்டி அண்ணாச்சிக்குப் போன் போட்டு, எப்போது சரக்குக் கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். நான் பக்கத்து மேஜையில்தான் இருந்தேன். அண்ணாச்சி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “ஜஸீமா என்ன சொல்லுதோ அதுதான் தேதி” என்றார்கள்.

சாயங்காலம் வகுப்பில், நவுன் கிளாஸ் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வருவது போல ஒன்று எழுதச் சொன்னாள் மாலா. நர்சிங் பிள்ளைகள் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். நான் உடனே எழுதிக் கொடுத்தேன். “What Jaseema says is the date.”

மாலா சிவப்புப் பேனாவைத் திறந்து, இரண்டு முறை படித்தாள். திருத்த ஒன்றும் இல்லை. என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு மூடி வைத்தாள்.