பதினாலு காரட் தாலி

திண்டிவனம்,
வைகாசி, 1963

பிரியமுள்ள மனைவிக்கு,

பதினாலு காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாதென்று சட்டம் வந்ததிலிருந்து பட்டறைக்கு யாரும் வருவதில்லை. நீ விழுப்புரத்துக்கு, உன் அம்மா வீட்டுக்குப் போன பிறகு வந்தது ஒரே வேலை. விக்கிரவாண்டி அப்பாதுரையின் மகள் கெங்கம்மாளுக்குத் தாலி. கூலியை இரட்டிப்பாகத் தருகிறேன், ரகசியமாக நல்ல தங்கத்தில் செய்யுங்கள் என்றார். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் அவரே வந்து, சட்டப்படியே செய்யச் சொல்லிவிட்டார்.

நேற்று கல்யாணம். நானும் போயிருந்தேன். மாப்பிள்ளையின் அப்பா தாலியை உற்றுப் பார்த்தார்.

"என்னாங்க இது, மாத்துக் கொறச்சலா இருக்குது? பத்தரு ஏமாத்திட்டாரா?"

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

மணையில் இருந்த பெண் தலை நிமிர்ந்தாள்.

"நாந்தாங்க மாமா அப்பாவத் தடுத்தேன். என் தாலிக்காவ பத்தரு ஜெயிலுக்குப் போணுமா? அவரு பொண்டாட்டி கழுத்துலயும் ஒரு தாலி இருக்குதே."

மேளக்காரர்கள்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். மாப்பிள்ளை தாலியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவள் கழுத்தில் கட்டினான்.

இதை எழுதும்போதும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. அந்தப் பெண் உன்னைப் பார்த்ததுகூட இல்லை.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்